கூட்டினால் எட்டு

கல்யாணக் கார் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த வண்டி பிடிக்கலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேலே திறக்கிற வண்டியா, கறுப்பா வெள்ளையா, போனட்டில் ரோஜாவா ஜெர்பராவா என்று கேட்பார்கள். "வண்டி கெடக்கட்டும், ஓட்டுறது யாருன்னு மொதல்ல கேளுங்க" என்பேன். இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என் அப்பா கார் ஓட்டுகிறவர். சின்னமனூர் ஸ்டாண்டில் சொந்த வண்டி போட்டிருக்கிறார், மஞ்சள் போர்டு. ஐயப்பன் சீசனில் குமுளி வழியாக மலைக்குப் போவார். கோடையில் மேகமலை. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரன் கோயில். மற்ற நாளில் யாராவது ஒருவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவார். முகூர்த்த நாள் என்றால் கல்யாணச் சவாரி. எங்கள் தெருவில் தாலி கட்டிக்கொண்ட பெண்களில் பாதிப்பேர் அப்பாவின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

கல்யாணச் சவாரிக்கு அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. பொண்ணு ஏறியதும் முன்னால் இருக்கும் கண்ணாடியை லேசாக மேலே திருப்பிவிடுவார். "அழுகுற புள்ளைய டிரைவர் பாக்கக் கூடாது" என்பார். என்னிடம் மட்டும், "ஒன் கல்யாணத்துக்குக் கண்ணாடியத் திருப்ப மாட்டேன் ஆத்தா. என் புள்ளைய நான் பாப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தன் மகளைத் தன் வண்டியில் தானே ஓட்டிப்போய் விட வேண்டும். அவருக்கு நகை ஆசை, மண்டப ஆசை, சாப்பாட்டு ஆசை எதுவும் கிடையாது. இருந்த ஒரே ஆசை இதுதான். இதைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை வீடு தேவதானப்பட்டியில். மண்டபம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தேனியில் என்று முடிவானது. பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வருவதும், தாலி ஏறிய பிறகு பால் பழம் கொடுக்க மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவதும் ஒரே காரில்தான். அந்தக் காரை மாப்பிள்ளை வீட்டார் பார்த்து முடிவு செய்வார்கள்; வாடகை மட்டும் பெண் வீட்டார் தலையில் விழும். இது எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "வாய மூடு" என்றாள் அம்மா. அதுதான் சாஸ்திரம் போலிருக்கிறது.

காரைப் பற்றிப் பேச மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். மாப்பிள்ளையின் அப்பா வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் இந்தச் சித்தப்பாதான். பெரியகுளத்தில் மாங்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்து, இது தேறும் இது தேறாது என்று ஒதுக்கிவிடும் மனுஷன். எங்கள் வீட்டு நாற்காலியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"கட்டப்பனைப் பக்கம் ஒரு ஏலக்கா முதலாளி வண்டி சம்பந்தி" என்று போனை நீட்டினார். "கல்யாணத்துக்கு மட்டுந்தான் விடுறாக. மேல தொறக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் எந்திரிச்சு நின்னு கை காட்டுனா ட்ரோன்ல எடுக்கலாம். இப்ப எல்லாரும் இப்பிடித்தான் பண்றாக."

"எங்கப்பா வண்டி இருக்குல்ல மாமா? அவரே ஓட்டுவாரு" என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தப்பா சிரித்தார். காபியைக் குடித்து முடித்து, வாசலுக்குப் போய் அப்பாவின் வண்டி முன்னால் நின்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்து விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்கிறாதீக சம்பந்தி. கூட்டுனா எட்டு வருதே."

வரும்தான். எட்டு வந்ததால்தான் அந்த வண்டி எங்களுக்கே வந்தது. போடியில் ஒருவர் ஆசையாக வாங்கிய வண்டி அது. எட்டு என்றால் சனி, குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ ஓதிவிட, ஓடித் தேயாத டயரோடு சல்லிசாகத் தள்ளிவிட்டார். அப்பா வாங்கினார். "குச்சனூருக்குப் போற வண்டிக்கு எட்டு இல்லாம வேற என்ன நம்பர் இருக்கணும்?" என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பார். சனிதோஷம் கழிய எள் விளக்குப் போடப் போகிறவர்கள் சனி எண் வண்டியிலேயே ஏறிப் போய், சனி எண் வண்டியிலேயே இறங்கி வருவார்கள். ஒருவரும் கூட்டிப் பார்த்ததில்லை. சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை என்பார்கள். எங்களுக்குக் கொடுக்கத்தான் செய்தது. நான் பி.எட். படித்ததும் அந்த எட்டில்தான்.

சரி, எட்டுதான் பிரச்சினை என்றால் அதற்கு வழி இருக்கிறதே என்று, "அப்ப நீங்க சொல்ற வண்டியே வரட்டும் மாமா. அத எங்கப்பா ஓட்டட்டும்" என்றேன்.

"அவுக வேத்தாளு கையில சாவி குடுக்க மாட்டாகம்மா. வண்டியோட டிரைவரும் வருவாரு" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அப்பா, "அதுவும் சரிதானுங்க" என்று உடனே தலையாட்டினார். அந்த வேகம்தான் என்னை உறுத்தியது. வாடகை பேசும்போதுகூட அப்பா அத்தனை சீக்கிரம் தலையாட்ட மாட்டார்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வண்டியின் படத்தைப் போட்டார். கழுவித் துடைத்து, வெயிலில் பளபளவென்று நின்றது. 'சூப்பர்', 'செம' என்று ஆளாளுக்குக் கை கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கணக்கு டீச்சர். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. படத்தைப் பெரிதாக்கிக் கூட்டினேன். எட்டு. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். எட்டேதான்.

போனைப் போட்டேன். கடையில் இருந்திருப்பார் போல, பின்னால் ஏலச் சத்தம்.

"மாமா, நீங்க பாத்துருக்க வண்டியும் கூட்டுனா எட்டுதான் வருது."

"அப்பிடியா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அது வாடக வண்டிதானம்மா. நம்ம பேர்லயா இருக்கு? தோசமெல்லாம் ஓனருக்குத்தான்."

"எங்கப்பா வண்டியும் வாடக வண்டிதான் மாமா."

ஏலச் சத்தம் குறைந்தது. கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

"இந்தா பாரும்மா, படிச்ச புள்ள நீ, ஒடச்சே சொல்றேன். எங்க பக்கத்து ஆளுக பெரிய பெரிய எடத்துல இருந்து வாராக. பொண்ணப் பெத்தவரு யாருன்னு கேப்பாக. அந்தா ஸ்டேரிங்கப் பிடிச்சிட்டு ஒக்காந்துருக்காருல்ல, அவருதான்னு நான் கை காட்டவா? அன்னைக்கு ஒரு நாளாச்சும் அவரு பட்டு வேட்டி கட்டிச் சம்பந்தியா நிக்கட்டுமே. வீடியோவுல காலத்துக்கும் இருக்கும்மா."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் இன்னும் மருமகளாகக்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் எட்டு சனி, அவர்கள் எட்டு சாமி. நேராகச் சொல்ல வாய் வராமல், நடுவில் பாவம் ஒரு கிரகத்தை இழுத்து வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தப்பா அப்பிடித்தான். ஒரு நாள் கூத்து, பொறுத்துக்கோயேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒன் இஷ்டம்" என்றார். ஒரு நாள் கூத்துதான். எங்கள் அப்பா இத்தனை வருஷம் காத்திருந்ததும் அந்த ஒரு நாளுக்குத்தான். அதை அவரிடம் சொன்னேன். மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். இந்த ஆளுக்கா கழுத்தை நீட்டப் போகிறோம் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னபோது அவர் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவே இல்லை. "எட்டும் இல்ல, ஒம்பதும் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் ஆத்தா" என்றார். "அப்புறம் ஏன் தலையாட்டுனீக?" என்று கத்தினேன். "சண்டை போட்டு வண்டி ஓட்டலாம். ஒன்னைய வாழ வைக்க முடியுமா? அந்த வீட்டுக்குள்ள நீதான போய் இருக்கப் போற?" என்று போல்ட்டை முறுக்கினார். அவர் மேலும் கோபம் வந்தது. அடங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் அடக்குகிறவர்கள் மேல் வருவதைவிட ஒரு படி அதிகமாகவே எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் டயரைக் கழற்றி மாட்டி, எங்கும் போகாத வண்டியை மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலையில் கட்டப்பனை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் முக்கில் நின்றது. நான் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி நடந்து போய் ஏறினேன். ஓட்டி வந்த மலையாளத்து ஆள், "ஏசி மதியோ சேச்சி?" என்று, ஏசி போதுமா எனத் தன் பாஷையில் கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பிழைப்பைப் பார்க்க வந்தவர், என் அப்பாவைப் போல. பின்னால் அப்பாவின் வண்டி சீர்த்தட்டுகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்தது. பட்டு வேட்டி கட்டித்தான் அப்பா ஓட்டினார்.

தேனி வந்ததும் வீடியோக்காரர் வண்டியை நிறுத்தி, என்னை எழுந்து கூரை வழியாகத் தலையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். மேலே ட்ரோன் கொய்யென்று சுற்றியது. வாயில் தூசி, கண்ணில் பூச்சி. அந்தக் கோலத்தில் சிரிக்க வேறு சொன்னார்கள். அப்போது வீடியோக்காரர் தன் ஆளைப் பார்த்து, "பின்னாடி வர்ற டாக்ஸிய கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுப்பா. மஞ்ச போர்டு பிரேமுக்குள்ள விழுது" என்றார். திரும்பிப் பார்த்தேன். அப்பா கையைத் தூக்கிச் சரி என்று காட்டிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரு லாரி நடுவில் புகுந்துகொண்டது. அந்த வீடியோவில் நான் முறைத்துக்கொண்டு நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

இதோடு விட்டார்களா? மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தால், வருசநாட்டிலிருந்து வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் ஆண்டிபட்டியில் பஸ் பழுதாகி நிற்கிறார்களாம். பெரியவர்கள், அவர்கள் வராமல் தாலி கட்டினால் குறை சொல்வார்களாம். சித்தப்பா நேராக அப்பாவிடம் போனார். நான் மணமகள் அறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி, ஒங்க வண்டி சும்மாதான நிக்கிது? வெரசாப் போய் அவுகளக் கூட்டிட்டு வந்துருங்களேன்."

பெரிய இடத்து ஆட்களுக்கு முன்னால் சம்பந்தி ஸ்டீரிங் பிடித்தால் கேவலம். அவர்கள் வீட்டுப் பங்காளிகள் வெயிலில் நின்றால் மட்டும் சம்பந்தி ஓட்டலாம். அந்தப் பெரியவர்கள் ஏறி வரும்போது எண்ணைக் கூட்டக் கூடாது. "அப்பா, போகாதீக!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். மேளச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முகூர்த்தம் நெருங்கியது. என்னை மணையில் உட்கார வைத்தார்கள். அப்பாவைக் காணோம். மதுரை ரோட்டில் ரயிலுக்குக் கேட் போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் வரிசை நீளமாக நிற்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி மணையில் தாய்மாமன் நின்றால் போதும். அப்பா இல்லாமலும் தாலி ஏறிவிடும். தாலி எல்லார் கைக்கும் போய்வந்து மாப்பிள்ளை கைக்கு வந்தது. மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார்.

நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். "எங்கப்பா வரட்டும்" என்றேன்.

"நல்ல நேரம் போயிருமேம்மா. அவரு இந்தா வந்துருவாரு, நீ குனி" என்றார் சித்தப்பா.

"அவர அனுப்புனது நீங்கதான மாமா? நேரம் போகும்னு அப்பத் தெரியலையா? எங்கப்பா வந்து நிக்காம என் தலை குனியாது."

மேளக்காரர் ஓங்கிய குச்சியை இறக்கினார். பின்னாலிருந்து அம்மா என் முதுகைப் பிடித்து அழுத்தினாள். நான் அசையவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இந்த ஆளும் 'ஒரு நாள் கூத்து' என்று சொன்னால் மாலையைக் கழற்றிவிட்டு எழுந்துவிடுவது என்றே இருந்தேன். அவர் தாலியை மெதுவாகத் தட்டிலேயே வைத்தார். "மாமா வரட்டும் சித்தப்பா" என்றார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். இருந்தாலும் சொல்லிவிட்டார்.

அப்பா வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி, கிடைத்த பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். பட்டு வேட்டியில் கிரீஸ் கறை. முகமெல்லாம் வேர்வை. பங்காளிகள் கார் ஏசியில் உட்கார்ந்தபடியே இருந்தார்களாம். அப்பா மேடையேறி என் பக்கத்தில் வந்து நின்ற பிறகு குனிந்தேன். தாலி ஏறியது. நல்ல நேரம் போய்விட்டது என்று பலபேர் முணுமுணுத்தார்கள். போனால் போகட்டும்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, கட்டப்பனை வண்டி பூவோடு வாசலில் நின்றது. அதற்குள் கேட் திறந்து, அப்பா போய்த் தன் வண்டியையும் பங்காளிகளையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார். நான் பூ வண்டியைத் தாண்டி நேராக நடந்தேன். அப்பாவின் வண்டிப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். சித்தப்பா ஓடிவந்தார்.

"அதுலயும் எட்டுதான் மாமா, இதுலயும் எட்டுதான்" என்றேன். "நான் எங்கப்பா ஓட்டுற எட்டுல வாறேன். நீங்க அந்த எட்டுல வாங்க."

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பா வெளியே நின்று கொண்டு, "எறங்கு ஆத்தா, வேணாம்" என்று கெஞ்சினார். "ஓட்டுறீகளா, நான் ஓட்டவா?" என்றேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்தார்.

பெரியகுளம் தாண்டும் வரை அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கிறாற்போல, "ஏசி போதுமா மாப்ள?" என்று கேட்டார். "போதும் மாமா" என்றார் இவர். இரண்டு பக்கமும் மாந்தோப்பு ஓடியது. எனக்குக் கோபம் இறங்கவில்லை, ஆனாலும் காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

தேவதானப்பட்டியில் பந்தலுக்கு முன்னால் வண்டி நின்றது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மண்டபத்துக்கு வராமல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், தோளில் துண்டோடு எட்டு வைத்து வந்து முன்கதவுக் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏப்பா டிரைவரு, அவுகள எறக்கி விட்டுட்டு வண்டிய அங்கன மாட்டுக் கொட்டத்துப் பக்கம் கொண்டு போய்ப் போடு. பூ வச்ச வண்டி இங்கன நிக்கணும்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை சத்தம் வந்ததோ. கதவைத் திறந்துகொண்டு, "அவரு டிரைவர் இல்ல! எங்கப்பா!" என்று தெருவே திரும்பும்படி கத்தினேன். அந்த மனிதர் துண்டை இறக்கிக்கொண்டு பின்வாங்கினார். ஆரத்தி சுற்ற வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

அப்பா என்ஜினை நிறுத்தினார். இறங்கினார். கதவைச் சாத்தினார். அத்தனை நாளும் எல்லாருக்கும் தலையாட்டிய மனிதர், சித்தப்பாவின் முன்னால்கூடக் குரலை உயர்த்தாதவர், முதல்முறையாகக் கோபமாகப் பேசினார். அந்த மனிதரிடம் இல்லை. என்னைப் பார்த்து.

"ஏன் ஆத்தா, டிரைவர் இல்லைன்னு யாரு சொன்னா? டிரைவர்தான். ஒன்னையப் பெத்தவனுந்தான்."

அவர் அந்த மனிதர் பக்கம் திரும்பி, "வண்டி இங்கனதான் நிக்கும்" என்றார்.